‘நாங்கள்’ என்று அடித்தவள்

எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இதனால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே, “இங்கே ஒரு ‘க்’ விட்டுப்போச்சு” என்று காட்டி, வெற்றிலைத் தட்டும் கையுமாக அவர்கள் முகம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் பின்பாதியில் தாம்பரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் தமிழ் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். அவர் எழுதிக் கொடுப்பதை அப்படியே அடிக்க வேண்டும். நான் அப்படியே அடித்ததில்லை. சந்தி, ஒருமை பன்மை எல்லாவற்றையும் போகிற போக்கில் சரிசெய்துகொண்டே போவேன். அவரும் கண்டுகொள்ள மாட்டார். யாரையும் கேட்காமல் திருத்துகிற அந்தப் பழக்கம்தான் ஒரு வருஷம் எங்களுக்கு வரவிருந்த பாலத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே, அதற்குச் சில வருஷம் முன்புவரை நெல் விளைந்த இடத்தில் எங்கள் நகர் இருந்தது. நகர் என்றால் இருபதுக்கும் குறைவான வீடுகள், நிறைய கோரைப்புல், நாலைந்து தெருவிளக்குக் கம்பம். கம்பத்தில் விளக்கு கிடையாது. மனை விற்றவர் கொடுத்த நோட்டீஸில் ‘பெருங்களத்தூர் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிட நடை’ என்று போட்டிருந்தது. யார் நடந்து பார்த்தார்களோ, எனக்கு ஒரு நாளும் அரைமணிக்குக் குறைந்ததில்லை. ‘சாலை, குடிநீர் வசதிகள் வரவிருக்கின்றன’ என்றும் இருந்தது. நோட்டீஸில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாததால்தான் நான் அந்த மனையை வாங்கச் சம்மதித்தேன் என்று என் கணவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதில் பாதி உண்மை.

எங்களுக்கும் பழைய ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதில்தான் போகும். ஊரைத் தாண்டித்தான் தாம்பரம் போகிற ஜி.எஸ்.டி. ரோடு, ரயில், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம். கோடையில் அந்த வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் தொடையளவு தண்ணீர் ஓடும். முந்தின மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, நாலு ஆண்கள் அவளை ஒயர் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். கரையில் நின்ற அத்தனை பேரும் இடது, வலது என்று வழி சொன்னார்கள். சுகப்பிரசவம்தான். ஆனால் குழந்தை பிறந்ததைவிட அந்த நாற்காலியைப் பற்றித்தான் அவள் அதிகம் பேசினாள்.

அந்த வருஷம் என் முறை. ஆனி மாதத்தில் எனக்கு நாலு மாதம். கணக்குப் போட்டால் கார்த்திகை. ஏரி நிரம்பி வழிகிற கார்த்திகை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வாய்க்காலின் மேல் ஒரு பாலம், அதுவும் கார்த்திகைக்கு முன்னால். ராத்திரி தூக்கத்தில்கூட நான் பாலம், பாலம் என்று முனகியதாக என் கணவர் சொன்னார். அவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது.

பஞ்சாயத்துத் தலைவரைப் போய்ப் பார்த்தோம். “ஊர் தனியா, நகர் தனியா வந்து நின்னா நான் யாருக்குன்னு செய்யறது? ரெண்டு கரையும் சேர்ந்து ஒரே சங்கமாப் பதிவு பண்ணிக்கினு வாங்க, குழாய் போட்டு மேலே பாலம் கட்டித் தரேன்” என்றார். பாலம் ஊர்ப்பக்கம் இறங்குகிற இடம் பால்கார அக்காவின் நிலம். நகர் முழுக்க அவர்தான் பால் ஊற்றினார். நாற்பது வயதிருக்கும். எட்டாவது வரை படித்தவர். பேப்பரில் வரி விளம்பரத்தைக்கூட விடாமல் படிப்பார். நாங்கள் வீடு கட்டியிருந்த நிலத்தில் பாதி ஒரு காலத்தில் அவர் மாமனாருடையது. என்னை ‘டைப்பு’ என்றுதான் கூப்பிடுவார். “இன்னா டைப்பு, இன்னிக்கு லீவா?”

சங்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டுமே. நகரில் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருந்தார். அவரைப் போட்டோம். அவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் முகவுரை மனப்பாடம், ஆங்கிலத்தில். அது முழுக்க ஒரே வாக்கியம். ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். சொல்லி முடித்ததும் அவர் மனைவி மோர் கொண்டுவந்து தருவார். சங்கம் ஆரம்பிப்பது என்று முடிவானதும் பைலாவை, அதாவது சங்கத்தின் விதிகளை, எழுதும் வேலையைக் கல்யாணச் சமையல்போலத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

“எந்த சாசனத்தை வேணா எடுத்துப் பாரும்மா. குடுக்கறவன் மேலே, வாங்கறவன் கீழே. நம்ம அரசமைப்புலே குடுக்கறது யாரு? நாம. வாங்கிக்கறது யாரு? நாமளேதான். சண்டை போட எதிராளியே கிடையாது. நம்ம பைலாவும் அப்படித்தான் தொடங்கணும்” என்றார். அரசமைப்பின் தமிழ் மொழிபெயர்ப்புப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்து, கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்தார். ‘ஏரிக்கீழ் மக்களாகிய நாம், நமது இருகரைகளின் நலனுக்காக இந்தச் சங்கத்தை நிறுவி, இவ்விதிகளை நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்.’ அதற்குக் கீழே ஆண்டுச் சந்தா, பொதுக்குழு, செயற்குழு.

வாயை மூடிக்கொண்டு அடித்திருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மிஷினில் ஸ்டென்சில் தாளை மாட்டியதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தமிழில் ‘நாம்’ என்றால் கேட்கிறவரையும் சேர்த்துத்தான். கேட்கிறவரைச் சேர்க்காமல் சொல்ல ‘நாங்கள்’ இருக்கிறது. இந்தக் காகிதம் யாருக்குப் போகிறது? சங்கப் பதிவாளருக்கு. அவர் ஏரிக்குக் கீழே குடியிருக்கிறாரா? இல்லை. ஆகவே ‘நாம்’ பிழை. போதாக்குறைக்கு, ‘நாம் ஆணையிடுகிறோம்’ என்று நாடகத்தில் ராஜா பேசுவதுபோலவும் இருந்தது. பாவம், சார் இங்கிலீஷ் படித்தவர், தமிழ் நுணுக்கம் தெரியாது என்று எனக்குள் ஓர் இளக்காரம். ‘நாம்’ வந்த இடத்தில் ‘நாங்கள்’, ‘நமது’ வந்த இடத்தில் ‘எங்கள்’, ‘நமக்கு நாமே’ என்பதற்கு ‘எங்களுக்கு நாங்களே’ என்று போட்டு, பக்கத்துக் கடையில் சைக்ளோஸ்டைல் எடுத்து, ஐம்பது பிரதிகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்து, “முத்து முத்தா இருக்கும்மா” என்றார். தான் எழுதியதைத்தானே படிக்கிறோம் என்ற நினைப்பில் கண் மேலோட்டமாக ஓடியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்குள்ளேயே கூட்டம் போட்டோம். ஆனி மாதம்தானே, காய்ந்து கிடந்தது. ஒரு கரையில் நகர், எதிர்க்கரையில் ஊர், நடுவில் ஒரு மேஜை. எல்லோருக்கும் ஒரு பிரதி. சார் எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் பால்கார அக்கா முதல் வரியைப் படித்துவிட்டு எழுந்துவிட்டார்.

“சார், இந்தப் பேப்பர எனக்குப் படிக்கத்தானே குடுத்தீங்க? ‘மக்களாகிய நாங்கள்’னு போட்டு கீது. நாங்கள்னா நீங்க. அப்ப நாங்க யாரு?”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை.

“ஏரிக்குக் கீழதான் நாங்களும் கீறோம். ஏரிக்கு மேலயா வூடு கட்டிக்கினோம்? நாங்க நாத்து நட்ட எடத்துல வந்து குந்திக்கினு, எங்க கையிலேயே ‘ஏரிக்கீழ் மக்களாகிய நாங்கள்’னு எழுதிக் குடுக்கறீங்க. அப்பால என் நெலத்துல பாலத்த எறக்கணும்னு வேற கேக்கறீங்க. எங்களுக்கு நாங்களேன்னு போட்டுகினு கீறீங்களே, உங்களுக்கு நீங்களே கட்டிக்கங்க.”

காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னாலேயே போனார்கள். சார் காகிதத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. “தப்பு என்னுதுதான், தப்பு என்னுதுதான்” என்று போகிறவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் முன்னால் பிழை விட்டவள் என்று நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மற்றவர்களின் பிழையைக் காட்டியே வளர்ந்த உடம்பு இது.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மசக்கை என்று சொல்லிச் சமாளித்தேன். மூன்றாம் நாள், சார் சங்கமே வேண்டாம் என்று விலகப் போவதாகக் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மொழிபெயர்ப்புப் புத்தகத்தை ஒரு கையிலும் சைக்ளோஸ்டைல் பிரதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “முப்பது வருஷமா சொல்லிட்டு வரேன். எழுதறப்போ கை எப்படிம்மா தவறும்?” என்றார்.

அவர் கையால் எழுதிய தாள்களைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். “நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார். நான்தான் மாத்திட்டேன்” என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மனிதருக்கு முகம் அப்படி மலர்ந்தது. “அப்போ நான் சரியாத்தான் எழுதியிருக்கேனா?” என்று மூன்று தரம் கேட்டார். மனைவியைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். எனக்கும் மோர் வந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் ‘வீ’ என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், யார் உள்ளே யார் வெளியே என்று அது காட்டிக்கொடுக்காது. தமிழில் எழுத உட்கார்ந்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். அவர் ‘நாம்’ என்று எடுத்திருக்கிறார். அதைப் படிக்கிறவன் ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே அவனையும் எழுதியவர்களில் ஒருவனாக ஆக்கிவிடுகிற சொல் அது. வீட்டு வாசலில் நிற்பவரிடம் ‘நாம சாப்பிடலாம்’ என்று சொல்வதற்கும் ‘நாங்க சாப்பிடப் போறோம்’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இலக்கணம் தெரிந்தவள் என்ற திமிரில், உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்தவர்களை எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பால்கார அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். எருமையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தப் பேப்பர்ல ‘நாங்கள்’னு போட்டது சார் இல்லை. நான்தான்.”

“நீயா? இன்னாத்துக்கு டைப்பு?”

பதிவாளர், கேட்பவர், இலக்கணம் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் பால் பீய்ச்சுவதை நிறுத்தாமல் முழுவதும் கேட்டார்.

“சரி. எலக்கணம் எல்லாம் கரீட்டாவே இருக்கட்டும். அத்த அடிக்கசொல்ல எங்க நெனப்பு வந்துச்சா ஒனக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். “வரலக்கா” என்றேன். அதுதான் நிஜம். சங்கம் என்று அடித்தபோது என் கண்ணில் எங்கள் வீடுகளும் ஒரு பாலமும்தான் தெரிந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருப்பதே என் நினைவில் இல்லை.

அக்கா அடுத்த காம்புக்குக் கையை மாற்றினார். “அன்னிக்கே இத்த சொல்லி இருந்தீன்னா அந்த மன்சன் அப்டி பேஜார் ஆகியிருக்க மாட்டாரு” என்றார். பிறகு, “போய் மாத்தி அடிச்சு எடுத்துக்கினு வா. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்றார். அன்றைய பாலை என் தலையில் கட்டி, போகிற வழியில் சார் வீட்டிலும் கொடுத்துவிடச் சொன்னார்.

ஆபீஸில் இன்னொரு ஸ்டென்சில் தாள் தரவில்லை. பழையதன்மேல் பிழை திருத்துகிற சிவப்புத் திரவத்தைப் பூசி, காயவிட்டு, அதே இடத்தில் திரும்ப அடித்தேன். ‘நாங்கள்’ நாலு எழுத்து, ‘நாம்’ இரண்டுதான். மீதி இரண்டு எழுத்துக்கான இடம் வெறுமையாக நின்றது. எல்லாப் பிரதிகளிலும் ‘நாம்’ என்பதற்குப் பக்கத்தில் யாரோ எழுந்து போனதுபோல ஒரு சந்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். பால்கார அக்கா மட்டும் அதைப் பார்த்துவிட்டு, “எடம் உட்டு வெச்சிகீற, இன்னும் யாருனா வந்தா குந்திக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஊரில் மற்றவர்களும் போட்டார்கள்.

பதிவு அலுவலகத்துக்கு சாரும் நானும் அக்காவும் போனோம். அங்கிருந்த கிளார்க் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். “மக்களாகிய நாம்னு இருக்கே. நாம்னா படிக்கிற நானும் சேர்ந்துடறேன் இல்லே? நாங்கள்னு இல்ல வரணும்?” என்றார். என்னைப்போல ஒருத்தர் உலகத்தில் இருக்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் ஆனந்தமாக இருந்தது. சார் கையைப் பிசைந்தார்.

“சேத்துக்கினா இன்னா சார்? நீங்களும்தான் வந்து இருங்களேன். எங்கே வூடு ஒங்களுக்கு?” என்றார் அக்கா.

அவர் வீடு பள்ளிக்கரணைப் பக்கமாம். மழைக்காலத்தில் அங்கேயும் முழங்காலளவு தண்ணீராம். பாம்பு வந்த கதை, மோட்டார் மூழ்கிய கதை எல்லாவற்றையும் அக்காவிடம் ஒரு பாட்டம் சொல்லிவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார்.

சங்கம் வந்தது. அக்கா தன் நிலத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தார். பஞ்சாயத்துத் தலைவரும் சொன்ன சொல் தவறவில்லை. ஆனாலும் அரசாங்கக் காகிதம் மேஜை மேஜையாக ஏறி இறங்கி, வேலை தொடங்கும்போது புரட்டாசி பாதி ஆகிவிட்டது. பெரிய சிமெண்ட் குழாய்களை இறக்கி, மேலே மண் கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். ஊர்ப்பக்கம் இறங்குகிற சரிவுக்குக் கல் வரவேண்டும். கல் வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஒரே ராத்திரியில் சரிவு கரைந்து, அந்த இடம் இடுப்பளவு சேறாகிவிட்டது. வாய்க்காலைத் தாண்டிவிடலாம், இறங்கத்தான் இடமில்லை. குழாய் முடிகிற இடத்தில் ஒரு பக்கம் சேறு, இன்னொரு பக்கம் அக்கா வீட்டு முள்வேலி.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் புறப்பட்டு வந்த நாங்கள் குழாயின்மேல் வரிசையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு முழித்தோம். அக்கா வெட்டுக்கத்தியோடு வந்தார். வேலியை இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டித் தள்ளினார்.

“வூட்டுக்குள்ள பூந்து போங்க. சமையக்கட்டுல மட்டும் செருப்பக் கையில எடுத்துக்கங்க.”

அன்றிலிருந்து எங்கள் நகரின் சாலை அவர் வீடுதான். வேலி, எருமைக் கொட்டகை, கொல்லை வாசல், சமையலறை, கூடம், தெரு. எட்டரை மணி ரயிலுக்குப் போகிறவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் மாமியார் நீட்டிய காலைத் தாண்டி, தோசை வாசனைக்குள் புகுந்து போனார்கள். சார் தினமும் போகும்போது ஒரு வணக்கம், வரும்போது ஒரு வணக்கம் வைத்தார். அக்காவின் கணவர் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கக்கூட முடியவில்லை என்று புலம்பினார். நானும் பிரசவ லீவு எடுக்கும்வரை அந்த வழியாகத்தான் போனேன். ஒரு நாளும் அக்கா முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. ஒரு வரி எழுத்துக்காகக் கூட்டத்தை விட்டு எழுந்து போன அதே மனுஷிதான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் எனக்கு வலி கண்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். சாரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குழாயின்மேல் மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார்கள். மழை கொட்டியது. வேலியில் அக்கா சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை வாங்கி, கொட்டகை வழியாக, சமையலறை வழியாக, செருப்போடேயே நடத்திக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினார். அவர் சொல்லியனுப்பிய ஆட்டோ ஏற்கெனவே வந்து நின்றது. டிரைவர் அந்த ஊர்ப் பையன்தான். என் புடவையிலிருந்து சொட்டுகிற சேற்றைப் பார்த்தான்.

“யாருக்கா இது? நகர் ஆளுங்களா?”

“எங்க வூட்டுப் பொண்ணுடா” என்றார் அக்கா. என்னை உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். “நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ வண்டிய எடு.”

வலியில் உயிர் போனது. ஆனாலும் என் காது அதை விடவில்லை. ‘நாங்க’ என்றார். கேட்பவரைச் சேர்க்காத சொல். அதில் டிரைவர் இல்லை. நான் இருந்தேன்.